எனக்கும் ஒரு எதிராளி

“மேடம், ஒரு சின்ன சிக்கல்” என்று சொல்லிக்கொண்டே வந்தார் தில்லைநாயகம்.

சிதம்பரத்தில் அந்தக் கிளப்பின் வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். பட்டுப்புடவை கட்டியிருந்தேன். அரக்கு நிறம், பச்சைக் கரை. பரிசு வாங்கும்போது ஃபோட்டோவில் எடுப்பாகத் தெரியும் என்று என் கணவர் தாஸ் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. உள்ளே கோர்ட்டில் இரண்டு பெரியவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து சுவரில் மோதும் சத்தத்தைவிட அவர்கள் மூச்சு வாங்கும் சத்தம்தான் வாசல்வரை கேட்டது.

தில்லைநாயகம் அந்தக் கிளப்பின் செயலாளர். வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மூத்த ஆட்டக்காரர்களுக்கான வட்டார ஸ்குவாஷ் போட்டியை வருடாவருடம் நடத்துகிறவர் அவர்தான். அழைப்பிதழ் அடிப்பதும் அவர், நடுவரும் அவர், மைக் பிடிப்பதும் அவர். அவர் சிக்கல் என்று சொன்னால் அது பெரும்பாலும் சாப்பாட்டு விஷயமாகத்தான் இருக்கும்.

“என்ன சார், சாப்பாடு வரலையா?”

“அதெல்லாம் வந்துடும் மேடம். லேடீஸ் பிரிவுல இன்னொரு பேரு வந்திருக்கு.”

“எந்த லேடீஸ் பிரிவுல?”

“உங்க பிரிவுலதான். ஐம்பதுக்கு மேல.”

எனக்கு உடனே புரியவில்லை. அந்தப் பிரிவு என்றால் நான், நான் என்றால் அந்தப் பிரிவு என்றுதான் நான்கு வருடமாக இருந்துவந்தது.

“காடாம்புலியூர்லேர்ந்து ஒரு டாக்டரம்மா. மாட்டு டாக்டரா இருந்து ரிட்டயர் ஆனவுங்க. மேற்கு வட்டார சாம்பியனாம். அங்க இந்த வருஷம் போட்டி நடத்தல, ஆளு சேரல. அதான் நம்ம பக்கம் வந்துட்டாங்க.”

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

“அப்ப... நான் விளையாடணுமா சார்?”

தில்லைநாயகம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“போட்டின்னா அப்படித்தான் மேடம்.”

ஜூஸ் இல்லை

போன வாரம் இந்தப் பக்கத்தில் ஸ்குவாஷைப் பற்றி ஒரு வரி எழுதப்போக, குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு வாசகி ஃபோன் செய்து, எலுமிச்சையில் போடுவதா ஆரஞ்சில் போடுவதா என்று கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கடலூர் முதுநகரில் எங்கள் பங்குக் கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், பிலோமினா ஏதோ ஜூஸ் போட்டியில் வருடாவருடம் ஜெயித்துவருகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு முறை பூசை முடிந்ததும் ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சக்கரை எவ்ளோம்மா போடுவ?” என்று கேட்டார். நானும் ஏதோ ஒரு அளவு சொல்லிவைத்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஸ்குவாஷ் நான்கு சுவருக்குள் ஆடும் ஆட்டம். ஒரு பெரிய அறை, ஒரு சின்ன ரப்பர் பந்து, இரண்டு பேர், இரண்டு மட்டை. இரண்டு பேரும் முன்சுவரைப் பார்த்தபடி நின்று மாற்றி மாற்றி அடிக்கவேண்டும். பந்து தரையில் இரண்டாவது முறை குதிப்பதற்குள் எடுத்து அடித்துவிட வேண்டும். முன்சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கும் கீழே ஒரு தகரப் பட்டை இருக்கும். அதில் பட்டால் போயிற்று. பதினொரு புள்ளி எடுத்தால் ஒரு ஆட்டம். பத்துக்குப் பத்து வந்துவிட்டால் இரண்டு புள்ளி முன்னால் போகவேண்டும். முதலில் மூன்று ஆட்டம் எடுப்பவர் ஜெயித்தவர்.

டென்னிஸில் எதிராளி வலைக்கு அந்தப் பக்கம் நிற்பார், முகம் பார்க்கலாம். இதில் எதிராளி நம் தோளுக்குப் பக்கத்தில்தான் நிற்பார், ஆனால் முகம் தெரியாது. மூச்சும் ஷூவின் கீச்சுச் சத்தமும்தான் தெரியும்.

இவ்வளவு விவரமாகச் சொல்கிறேனே, இதில் நான் யாரை ஜெயித்து நான்கு வருடம் சாம்பியன் ஆனேன் என்று கேட்டால், யாரையும் இல்லை. ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் நான் ஒருத்தி மட்டும்தான் பெயர் கொடுப்பேன். காலையில் வந்து காபி குடிப்பேன், பஜ்ஜி சாப்பிடுவேன், மதியம் கோப்பை வாங்குவேன். நடுவில் டி-ஷர்ட் மாற்றிக்கொண்டு, மட்டையைக் கையில் பிடித்து ஒரு ஃபோட்டோ. என்னுடைய பையில் ஷூவும் மட்டையும் இருந்தது அந்த ஃபோட்டோவுக்காகத்தான்.

சிறந்த பெண் ஊழியர்

உண்மையில் எனக்கு இது பழகிப்போன விஷயம்.

சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, அந்த வளாகத்திலேயே நான் ஒருத்திதான் பெண். ஆண்டு விழாவில் ‘சிறந்த ஊழியர்’ பரிசு ஒன்று, ‘சிறந்த பெண் ஊழியர்’ பரிசு ஒன்று. முதல் பரிசுக்கு ஆண்கள் வருடம் முழுக்க மேனேஜர் வீட்டுக்குப் பழக்கூடை தூக்குவார்கள். இரண்டாவது பரிசு எனக்கு. “கடுமையான போட்டிக்கு இடையே” என்று ஒரு மேனேஜர் மேடையில் சொன்னபோது சிரிக்காமல் இருந்தது நான் மட்டும்தான்.

விளையாட்டு விழாவும் உண்டு. பெண்களுக்கு எலுமிச்சை-ஸ்பூன் ஓட்டம். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, விசில் ஊதி, மொத்தக் கம்பெனியும் கைதட்ட, நான் மட்டும் ஸ்பூனை வாயில் கவ்விக்கொண்டு ஓடுவேன். ஒரு வருடம் பாதி வழியில் எலுமிச்சம்பழம் விழுந்துவிட்டது. நின்று, குனிந்து எடுத்துத் துடைத்து, திரும்ப ஸ்பூனில் வைத்துக்கொண்டு போனேன். அப்போதும் முதல் பரிசுதான்.

பிறகு கணக்குப் பிரிவில் இன்னொரு பெண் சேர்ந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனிமேலாவது யார் சிறந்தவள் என்று பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். நிர்வாகம் யோசித்து, யாருக்கும் மனவருத்தம் வரக்கூடாது என்று, ‘சிறந்த பெண் ஊழியர் - ஆய்வுக்கூடம்’, ‘சிறந்த பெண் ஊழியர் - அலுவலகம்’ என்று பரிசை இரண்டாகப் பிரித்துவிட்டது.

அந்தக் கம்பெனியில் ஒரு ஸ்குவாஷ் கோர்ட் இருந்தது. பம்பாயிலிருந்து வந்த ஒரு ஜெனரல் மேனேஜர் தனக்காகக் கட்டிக்கொண்டது. அவர் மாற்றலாகிப் போனதும் உடைந்த நாற்காலிகளை அதில் அடுக்கிவைத்தார்கள். ஆண்கள் எல்லாம் ரிக்ரியேஷன் கிளப்பில் சீட்டாடுவார்கள். அங்கே எனக்கு வேலையில்லை. கம்பெனி பஸ் கிளம்பும்வரை எங்கே நிற்பது என்று தெரியாமல், ஒரு நாள் செக்யூரிட்டியிடம் சாவி வாங்கி அந்த அறைக்குள் போனேன். மூலையில் ஒரு பழைய மட்டை, பூஞ்சை பிடித்த பந்து. சுவரில் அடித்தேன். திரும்பி வந்தது. திரும்ப அடித்தேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. கெமிக்கல் நாற்றம் நம் பக்கம் வீசாத சாயங்காலங்களில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வேன். வீசுகிற நாட்களில் சாத்திவிடுவேன். சுவர் எனக்காக மெதுவாகத் திருப்பி அடித்தது கிடையாது. நான் எப்படி அடித்தேனோ அப்படியே திருப்பிக் கொடுத்தது.

பிற்பாடு சில ஆண்களும் ஆட வந்தார்கள். நல்லவர்கள். நல்லவர்களாக இருந்ததுதான் தொந்தரவு. “மேடம், பாத்து, பாத்து” என்று பூப்போலத் தூக்கிப் போடுவார்கள். என் வலது கைப் பக்கமாகவே அனுப்புவார்கள். நான் ஜெயித்ததும் கைகொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமைகளில் அதே கோர்ட், அதே ஆண்கள், அதே பூ.

அதனால் இந்த வயதுவரை எனக்கு ஆடத் தெரியுமா தெரியாதா என்பது எனக்கே தெரியாது.

இரண்டு பட்டுப்புடவைகள்

அந்தக் காடாம்புலியூர் டாக்டரம்மா வேதவல்லியை முதன்முதலில் பார்த்தது கிளப்பின் ‘மகளிர் அறை’யில். வருடத்துக்கு ஒரு முறை நான் மட்டும் உபயோகிக்கும் அறை என்பதால் அதில் மடக்கு நாற்காலிகளும் ஷாமியானாத் துணியும் போட்டிருந்தார்கள். அந்த நாற்காலிகளுக்கு நடுவே குள்ளமாக, கெட்டியான உடம்போடு ஒரு அம்மாள் நின்று, பட்டுப்புடவையின் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். மயில்கழுத்து நிறம்.

பட்டுப்புடவையில் வந்திருக்கிறார் என்றால் பரிசு நிச்சயம் என்று வந்திருக்கிறார் என்று கணக்குப் போட்டேன். நான் எதைக் கட்டிக்கொண்டு நின்றேன் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

“நீங்கதான் பிலோமினாவா? நாலு வருஷமா சாம்பியனாமே” என்று கைகொடுத்தார்.

“நீங்க?”

“மூணு வருஷந்தான்” என்றார் அடக்கமாக.

அந்தக் கைப்பிடியை என்னவென்று சொல்வது. முப்பது வருடமாக, ஊசிக்கு நிற்காத மாடுகளைப் பிடித்து நிறுத்திய கை. என் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

வெளியே தாஸும் என் தம்பி சேவியரும் நின்றிருந்தார்கள். சேவியர் கார் ஓட்ட வந்தவன். வரும் வழியில் ஃபோனில் இரண்டு ஸ்குவாஷ் வீடியோ பார்த்திருந்ததால் தன்னை என் கோச்சாக நியமித்துக்கொண்டான்.

“மாமா, அக்காவுக்கு எடது பக்கம் வீக்கு. அவுங்க அங்கதான் அடிப்பாங்க.”

“சும்மா இரு மச்சான், பயமுறுத்தாத” என்றார் தாஸ். பிறகு என்னிடம், “பிலோ, முட்டி வலிச்சா நிறுத்திடு. ஒண்ணும் அவமானம் இல்ல” என்றார். எனக்கு அதைக் கேட்டதும் எரிச்சல் வந்தது. இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

இடது மூலை

ஸ்குவாஷில் எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. பந்து குளிர்ந்திருந்தால் துள்ளாது. அதனால் ஆட்டத்துக்கு முன் இரண்டு எதிராளிகளும் சேர்ந்து, ஒருவருக்கொருவர் அனுப்பி, பந்தைச் சூடுபண்ண வேண்டும். வேதவல்லியும் நானும் சில நிமிடங்கள் அப்படி அனுப்பிக்கொண்டோம். ரப்பர் வாசனை எழுந்தது. மேலே மாடத்தில் ஆண்கள் பஜ்ஜித் தட்டோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். பெண்கள் பிரிவில் ஆட்டம் நடக்கிறது என்பது அவர்களுக்குப் புது விஷயம்.

முதல் ஆட்டம் ஆரம்பித்தது தெரியும். முடிந்தது தெரியாது. பதினொன்றுக்கு இரண்டு, அவருக்கு.

வேதவல்லி ஒவ்வொரு பந்தையும் இடது சுவரை ஒட்டி அனுப்பினார். பந்து சுவரை உரசிக்கொண்டே போய்ப் பின்மூலையில் செத்து விழுந்தது. அந்த மூலைக்கு எனக்கு யாரும் பந்து அனுப்பியதே இல்லை. அந்த மூலையின் தரை எப்படி இருக்கும் என்றுகூட நான் பார்த்ததில்லை. அன்று நன்றாகப் பார்த்தேன். பந்துக்காக எட்டி எட்டிச் சுவரில் மட்டையைத் தேய்த்தேன்.

மாடத்தில் யாரோ, “அம்மா, கொஞ்சம் பாத்து ஆடுங்க, மேடத்துக்கு வயசாவுது” என்று கத்தினார்கள்.

வேதவல்லி அண்ணாந்து பார்த்தார். “எனக்கு அவுங்கள விட ஜாஸ்தி சார்” என்று சொல்லிவிட்டு, அடுத்த பந்தையும் அதே மூலைக்கு அனுப்பினார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பல வருடங்களில் முதல்முறையாக ஒருவர் என்னை மதித்து நடத்துவதுபோல இருந்தது.

இடைவேளையில் சேவியர் ஓடிவந்தான். நான் அவனை முறைத்தேன். ஆனாலும் அவன் சொன்னது உதவிற்று.

“அக்கா, அவுங்க பின்னாடி நின்னா மலை. முன்னாடி ஓடி வர முடியல, கவனிச்சியா? சின்னதா போடு. சுவத்துல தட்டி அப்படியே விழுற மாதிரி.”

சின்னதாகப் போடுவது எனக்குத் தெரிந்த ஒன்று. பஸ்ஸுக்குக் காத்திருந்த நாட்களில் தகரத்துக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் பந்தைத் தட்டித் தட்டிப் பழகியிருக்கிறேன். ஓடாமல் ஆட அதுதான் வழி. போட்டேன். வேதவல்லி முன்னால் வந்தார், ஆனால் பந்து இரண்டாவது முறை குதித்த பிறகு வந்தார். இரண்டாவது ஆட்டம் எனக்கு.

மூன்றாவது அவருக்கு. அதில் ஒரு பந்தை அவர் வீசி அடித்தபோது மட்டையின் விளிம்பு என் கெண்டைக்கால் எலும்பில் பட்டு, நான் உட்கார்ந்துவிட்டேன். மாடத்திலிருந்து, “ஐயையோ” என்று ஒரே சத்தம். தாஸ் கதவைத் தட்டினார். வேதவல்லி மட்டும் பதறவில்லை. பக்கத்தில் குந்தி, என் காலை எடுத்து மடியில் வைத்து, கட்டைவிரலால் எலும்போடு அழுத்திக்கொண்டே போனார்.

“இங்க வலிக்குதா? இங்க? சரி, ஊனி நில்லுங்க பாப்போம்.”

நின்றேன். முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். கன்றுக்குட்டிக்குத் தட்டுகிற தட்டு.

“ஒண்ணுமில்ல. ஆடலாம்.”

நான்காவது ஆட்டத்தில் யார் என்ன அடித்தோம் என்று இப்போது வரிசையாகச் சொல்ல வராது. கண்ணில் வேர்வை இறங்கியது ஞாபகம் இருக்கிறது. இடது மூலையிலிருந்து ஒரு பந்தை எடுத்துவிட்டேன் என்பது ஞாபகம் இருக்கிறது. எப்படி எடுத்தேன் என்பதுதான் இல்லை. மாடத்தில் பேச்சு நின்றிருந்தது. யாரும் “மேடம், பாத்து” என்று சொல்லவில்லை. கடைசிப் புள்ளி எனக்கு வந்தபோது கைதட்டினார்கள், பிறகு வேதவல்லிக்கும் கைதட்டினார்கள்.

இரண்டுக்கு இரண்டு.

யாரைப் பார்த்துப் பயந்தோம்

ஐந்தாவது ஆட்டத்துக்கு முன் இருவரும் வெளியே மரபெஞ்சில் உட்கார்ந்தோம். ஒரே பாட்டிலிலிருந்து மாற்றி மாற்றித் தண்ணீர் குடித்தோம். அவர் மட்டை நரம்புகளை விரலால் சரிசெய்துகொண்டே கேட்டார்.

“நாலு வருஷம் ஜெயிச்சீங்களே, யாரு வருவாங்க உங்களோட ஆட?”

நான் பாட்டில் மூடியைத் திருகினேன்.

“மேற்கு வட்டாரத்துல உங்களுக்கு யாரு வருவாங்க?” என்று கேட்டேன்.

அவர் விரல் மட்டை நரம்பில் நின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. தோள் குலுங்க ஆரம்பித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“யாரும் வரமாட்டாங்களா?”

“ஒருத்தரும் வரமாட்டாங்க” என்றேன்.

“எனக்கும் அதே கததான். மூணு வருஷமும் நாற்காலியில உக்காந்து ஜெயிச்சேன். அப்ப காலையிலேர்ந்து நான் யாரப் பாத்து இப்படி நடுங்கினேன்?”

“என்னப் பாத்தா?”

“நீங்க பட்டுப்பொடவையில வந்து நின்னீங்களே. சரி, இவுங்க கப்பு வாங்கத்தான் வந்திருக்காங்கன்னு நெனச்சேன்.”

கால்நடைக் கல்லூரி விடுதியில் படித்த காலத்தில் ஆடக் கற்றுக்கொண்டாராம். பிறகு ஊர் ஊராக வேலை, எங்கேயும் கோர்ட் கிடையாது. இப்போது வீட்டை ஒட்டிய முந்திரி குடோனின் பின்சுவரில் கோடு போட்டு அடிக்கிறார். பலாமரத்துப் பக்கம் பந்து போனால் நாய் எடுத்துவந்து தருமாம். நல்ல ஆடுகளம்தான், பந்தில் எச்சில் மட்டும் ஜாஸ்தி என்றார்.

அந்த நேரத்தில் தில்லைநாயகம் வேகவேகமாக வந்தார்.

“மேடம், ரெண்டு பேரும் பிரமாதமா ஆடுனீங்க. சீஃப் கெஸ்ட் வந்துட்டாரு. சாப்பாடு வேற ஆறுது. நான் என்ன சொல்றன்னா, ரெண்டு பேரையும் ஜாயின்ட் சாம்பியன்னு அறிவிச்சிடலாம். யாருக்கும் மனவருத்தம் இருக்காது.”

“நல்ல யோசனைதானே பிலோ” என்றார் தாஸ். “கால்ல வேற அடி.”

மனவருத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் பழைய கம்பெனிதான் ஞாபகம் வந்தது. என் வாழ்க்கையில் யாரும் எனக்கு மனவருத்தம் வரவிட்டதே இல்லை. பரிசைப் பிரித்தார்கள், பந்தைத் தூக்கிப் போட்டார்கள், விழுந்த எலுமிச்சம்பழத்துக்குக் கைதட்டினார்கள்.

“முடியாது சார்” என்றேன்.

“வேணாம் சார்” என்றார் வேதவல்லி. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

“சாப்பாடு...” என்றார் தில்லைநாயகம்.

“நீங்க சாப்பிடுங்க சார்” என்று சொல்லிவிட்டு வேதவல்லி எழுந்து கதவைத் திறந்து பிடித்தார். நான் நொண்டிக்கொண்டே உள்ளே போனேன்.

தகரச் சத்தம்

அந்த ஐந்தாவது ஆட்டத்தை நான் இன்னும் அவ்வப்போது மனதுக்குள் ஆடிப்பார்க்கிறேன். பெரும்பாலும் பாத்திரம் கழுவும்போது.

அவருக்கு மூச்சு இரைத்தது, எனக்குக் கால் இழுத்தது. அவர் இடது மூலைக்கு அனுப்புவார், நான் முன்னால் சின்னதாகப் போடுவேன். இரண்டு பேருக்கும் மற்றவர் என்ன செய்வார் என்று தெரிந்துவிட்டது, ஆனாலும் தடுக்க முடியவில்லை. எட்டுக்கு எட்டு. ஒன்பதுக்கு ஒன்பது. பத்துக்குப் பத்து. தில்லைநாயகம் சாப்பாட்டை மறந்து, தொண்டை கட்டிய குரலில் புள்ளி சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினொன்று-பத்து அவருக்கு. அடுத்த பந்து நீண்டுகொண்டே போனது. ஒரு கட்டத்தில் வேதவல்லி பின்னால் சிக்கிக்கொண்டார், முன்பக்கம் முழுக்கக் காலியாக இருந்தது, பந்து என் வலது கைக்கு அழகாக வந்து நின்றது. மெதுவாகத் தட்டினால் போதும். ஆயிரம் தடவை தட்டிய தட்டு.

தட்டினேன். ‘டங்’ என்று தகரம் சத்தம் போட்டது.

வேதவல்லி மூச்சு வாங்கியபடி வந்து கைகொடுக்காமல் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இரண்டு பேரின் டி-ஷர்ட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது.

“ஒரு விரல் மேல போயிருந்தா என்னால எடுத்திருக்க முடியாது” என்றார்.

ஆறுதலுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது. எனக்குத் துக்கமாகத்தான் இருந்தது. நன்றாகவே துக்கமாக இருந்தது. அதே சமயம் அந்தத் துக்கம் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை, நானே சம்பாதித்தது என்றும் தோன்றியது.

பெயர் பொறித்த கோப்பை

இருவரும் மறுபடி பட்டுப்புடவைக்கு மாறி, கிளப் மண்டபத்தின் முன்வரிசையில் உட்கார்ந்தோம். சீஃப் கெஸ்ட், கீழவீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். ஆட்டம் எதையும் பார்க்காதவர். பெண்கள் கோப்பையைக் கையில் எடுத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி, அதில் பொறித்திருந்ததை மைக்கில் கணீரென்று வாசித்தார்.

“பெண்கள் பிரிவு, சாம்பியன், திருமதி பிலோமினா தாஸ்!”

தாஸ் பழக்க தோஷத்தில் கைதட்ட ஆரம்பித்து, பாதியில் கையை இறக்கினார். தில்லைநாயகம் நாற்காலிகளுக்கிடையே குனிந்து வந்து என் காதில் சொன்னார்.

“மன்னிச்சுக்குங்க மேடம். போன வாரமே பேரு எழுதக் குடுத்துட்டோம். எப்பவும் உங்க பேருதானே...”

சீஃப் கெஸ்ட் ஒன்றும் புரியாமல் கோப்பையை நீட்டியபடி சிரித்துக்கொண்டே நின்றார். யாராவது போகவேண்டும். நான் எழுந்து போனேன். அவருடைய காதில் மெதுவாகச் சொல்லலாம் என்றுதான் குனிந்தேன். மைக் அங்கேதான் இருந்தது.

“நான் தோத்துட்டேன் சார்.”

ஸ்பீக்கரில் அது மண்டபத்தின் கடைசிவரை போய் எதிரொலித்துத் திரும்பி வந்தது. அந்த வாக்கியத்தை என் குரலில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்படியொன்றும் மோசமாக இல்லை.

வேதவல்லி மேடைக்கு வந்தார். தில்லைநாயகம் வேர்த்து வழிந்து, “நாளைக்கே பேர அழிச்சு உங்க பேரு போட்டு வீட்டுக்கு அனுப்பிடறோம் மேடம்” என்றார்.

வேதவல்லி கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அழிக்காதீங்க சார். அந்தப் பேரு அப்படியே இருக்கட்டும். யாரு கூட ஆடி வாங்கினேன்னு நாலு பேரு கேப்பாங்கல்ல, காட்டணும்.”

பிறகு எனக்கு இரண்டாம் பரிசு தரவேண்டும். அங்கே இன்னொரு சிக்கல். பெண்கள் பிரிவில் இரண்டாவது ஆள் என்று ஒருவர் இருந்ததே இல்லையென்பதால் அதற்குக் கோப்பை செய்யவில்லை. எழுபது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் பிரிவில் அன்று ஒருவர்தான் வந்திருந்தார். அங்கே ஒரு கோப்பை மிச்சம். தில்லைநாயகம் அதன் எழுத்து சபைக்குத் தெரியாதபடி உள்ளங்கையால் மறைத்துப் பிடித்துக் கொடுத்தார்.

வெள்ளாற்றுப் பாலத்துக்கு அப்புறம்

காரில் வரும்போது சேவியர் அந்தக் கோப்பையை வாங்கிச் சத்தமாக வாசித்தான். “ஆண்கள். எழுபதுக்கு மேல். இரண்டாம் இடம்.” பி.முட்லூர் வரைக்கும் சிரித்துக்கொண்டே ஓட்டினான்.

“யக்கா, இத வெளிய வச்சா யாராவது படிப்பாங்க.”

“படிக்கட்டும்” என்றேன்.

தாஸ் பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் காலுக்கு ஐஸ் பொட்டலம் பிடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அவர் வேட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது. ஆலப்பாக்கம் தாண்டியதும் கேட்டார்.

“பிலோ, உண்மையச் சொல்லு. அந்தக் கடைசிப் பந்து... நீ வேணும்னே விட்டுக்குடுத்தியா?”

முன்னால் சேவியரும் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். ஆமாம் என்று சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். முதுநகர் முழுக்க அதையே சொல்லியிருப்பார்கள்.

“இல்லங்க” என்றேன். “தோத்துட்டேன். நல்லா ஆடித் தோத்தேன்.”

தாஸ் ஐஸைக் காலில் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தார்.

“ஆமா” என்றார். “நல்லாத்தான் ஆடுன.”